தேதி அண்ணன் ஒளித்து வைத்த மஞ்சள் அட்டை

அந்த சோப்புத் தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘தேதி அண்ணன்’ என்றால்தான் தெரியும். எந்த இயந்திரத்துக்கு எந்தத் தேதியில் எண்ணெய், எந்தத் தேதியில் பெல்ட் மாற்றம், அதை யார் செய்வது என்றெல்லாம் தீர்மானிப்பவர் அவர்தான். ஐம்பத்தொரு வயது, ஒல்லி உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில்.

அவர் அறைச் சுவரை ஒரு பலகை அடைத்துக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒன்றாக ஐம்பத்திரண்டு கொக்கிகள். எண்ணெய், கிரீஸ் வேலைக்கு மஞ்சள் அட்டை. உதிரி பாகம் மாற்ற சிவப்பு அட்டை. காலை எட்டு மணிக்கு அட்டையை எடுத்து ஆளிடம் கொடுப்பார். வேலையை முடித்தவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். அட்டை இல்லாமல் ஒரு திருகைக்கூட யாரும் தொடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

வீட்டிலும் அதே கதைதான். மிக்ஸி, அடுப்பு, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அட்டை தொங்கியது. ஒருநாள் தூசி தட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி, கடைசிக் கொக்கியில் தனக்கும் ஒன்று இருப்பதைக் கண்டு திகைத்து நின்றாள். ‘மனைவி. மாதம் இருமுறை. சமையல் நன்றாக இருக்கிறது என்று சொல்லவும்.’ ஆறு மாதத்துக்கு ஒழுங்காக டிக் போட்டிருந்தது.

“அப்போ போன வாரம் சொன்னது மனசாரச் சொன்னது இல்லையா? அட்டையப் பாத்துத்தானா?” என்று கேட்டாள்.

“மனசாரத்தான் சொன்னேன். ஆனா மனசு மறந்துடும் இல்ல, அதான் எழுதி வச்சேன்.”

அவள் அட்டையைக் கிழிக்கப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘மாதம்’ என்பதை அடித்து ‘வாரம்’ என்று எழுதித் திரும்ப மாட்டிவிட்டாள்.

யாருக்கும் ஒரு தீங்கும் நினைக்காத இந்த மனிதரின் வாழ்வில்தான் புயல் நுழைந்தது. குதிகால் உயர்ந்த செருப்பு போட்டுக்கொண்டு நுழைந்தது. புதிதாக வந்த மேலாளர் அம்மாள் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

“மூணு வருஷ ரெஜிஸ்டரையும் பார்த்துட்டேன். ஒரு மெஷின்கூட நின்னதே இல்ல.”

தேதி அண்ணனின் முகம் மலர்ந்தது. இதைக் கவனித்துச் சொன்ன முதல் ஆள்! நன்றி சொல்ல வாயைத் திறந்தார்.

“எதுவுமே நிக்காத இடத்துல நீங்க எதுக்கு?”

திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

“ஆயில் போடறது அவங்க, மெஷின் ஓட்டறது அவங்க. நீங்க அட்டை மாட்டறீங்க. வெள்ளிக்கிழமை முடிவு சொல்றேன். அநேகமா திங்கள்ல இருந்து கிடங்குல பெட்டி அடுக்கப் போக வேண்டியிருக்கும்.”

பெற்ற பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ‘இவர்களை மறந்துவிடு’ என்றால் எந்தத் தகப்பன் தாங்குவான்? அதிலும் ஐம்பத்திரண்டு கொக்கிகள்! தன் அறைக்கு வந்தவர் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டார். முப்பதாவது வாரத்தின் கொக்கி குத்தியது. அதைக்கூட அவர் உணரவில்லை.

அப்போது உள்ளே வந்தார் ‘ஸ்பேனர்’. தொழிற்சாலையின் மூத்த ஃபிட்டர். மீசையிலேயே பாதி கிரீஸ் இருக்கும்.

“அண்ணே, நீங்க ஒழுங்கா வேலை செஞ்சதுதான் தப்பு. ஏதாவது ஒண்ணு படுத்தாத்தானே டாக்டரைத் தேடுவாங்க?”

“மெஷினைப் படுக்க வைக்கச் சொல்றியா? அடப்பாவி!”

“பெருசா எதுவும் வேணாம்ணே. பெட்டி இழுக்கற பெல்ட்டு மேடம் ஜன்னலுக்கு நேராத்தானே ஓடுது? அதோட பேரிங்குக்கு இந்த வாரம் கிரீஸ் அட்டை இருக்குல்ல, அதை மட்டும் எடுத்து ஒளிச்சு வைங்க. நாலு நாள்ல கீச்சுகீச்சுன்னு கத்தும். யாருக்கும் அடிபடாது, அந்தம்மாவுக்குக் காது மட்டும் வலிக்கும்.”

அந்தத் திங்கட்கிழமையே, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அந்த மஞ்சள் அட்டையைக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இருபது வருடத்தில் அவர் செய்த முதல் குற்றம் அது.

செவ்வாய்க்கிழமை பெல்ட் சத்தமில்லாமல் ஓடியது. புதன்கிழமை இன்னும் வழுவழுப்பாக ஓடியது. வேதனையைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு தன்னைக் காட்டிக்கொடுக்காமல் ஓடுகிறதே என்று அவர் உருகிப்போனார். வியாழக்கிழமை மதிய இடைவேளை. பெல்ட் நின்றிருந்தது, எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கிரீஸ் கன்னோடு பதுங்கிப் பதுங்கி வந்து அதன் முன் மண்டியிட்டார்.

“என்னை மன்னிச்சுடும்மா. கிடங்குக்கே போறேன். உன்னை வதைச்சு எனக்கு ஒரு வேலை வேணாம்.”

இரண்டே அமுக்கு. அதற்கு மேல் அவர் போடவில்லை. எழுந்தபோது மனம் பஞ்சாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. முடிவைச் சொல்வதற்காக மேலாளர் தன் அறையிலிருந்து கிளம்பி வந்தார். பெல்ட்டின் அருகே நின்றுவிட்டார். மோட்டார் ஓடுகிறது. உருளை சுற்றுகிறது. பெட்டிகள் மட்டும் போஸ் கொடுத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கின்றன. பேரிங்கிலிருந்து பிதுங்கிய கிரீஸ் உருளை முழுக்க வழிந்து, பெல்ட் பிடிமானம் இல்லாமல் வழுக்கிக்கொண்டிருந்தது.

“பெட்டி ஏன் நகரல?” என்று கேட்டபடி ஓரடி எடுத்து வைத்தார்.

தரையிலும் கிரீஸ். பெட்டிகள் நகரவில்லை, மேடம் நகர்ந்தார். கம்பீரம் குறையாமல், கையில் இருந்த ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி, ஆறடி தூரம் வழுக்கிச் சென்று காலி அட்டைப்பெட்டிக் குவியலுக்குள் உட்கார்ந்தார். யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள்.

“யாரு?” என்று பெட்டிகளுக்குள்ளிருந்து குரல் வந்தது. “யாரு இவ்வளவு கிரீஸ் போட்டது?”

“நான்தான் மேடம்!” ஸ்பேனர் மார்பில் அடித்துக்கொண்டு முன்னால் வந்தார். “நான்தான் அண்ணனைக் கெடுத்தேன். அப்புறம் எனக்கே மனசு கேக்கல. செவ்வாய்க்கிழமை ரெண்டு அமுக்கு, புதன்கிழமை ரெண்டு அமுக்கு போட்டேன்.”

“அவர் இல்ல, நான்!” என்று வெல்டர் அவரைத் தள்ளிவிட்டு வந்தார். “கொக்கில அட்டையக் காணோம். அண்ணன் கவலையில மறந்துட்டார்னு நெனச்சேன். நாலு போட்டேன், பிரியத்துல இன்னும் மூணு போட்டேன்.”

பேக்கிங் பிரிவின் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விசும்பினாள். “என்னையும் தண்டிங்க மேடம். அண்ணன் வேலை போயிடக் கூடாதுன்னு நேத்து சாயங்காலம் நானும் போட்டேன்.”

“நீங்க எத்தனை?”

“எண்ணத் தெரியல. வெளிய வழியற வரைக்கும் அமுக்கினேன். அதுதானே நிறைஞ்சதுக்கு அடையாளம்?”

கடைசியாக தேதி அண்ணன் வந்தார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். “இதை ஒளிச்சு வச்சது நான். வியாழக்கிழமை நானும் ரெண்டு அமுக்கு போட்டேன். இவங்களை விட்டுடுங்க, கிடங்குக்கு நான் இப்பவே போறேன்.”

“ஐயோ அண்ணே!” என்று அக்கா கதற, ஸ்பேனர் அவர் கையைப் பிடித்துக்கொள்ள, அந்தக் கையும் கிரீஸால் வழுக்கிக்கொண்டு போனது.

மேலாளர் உட்கார்ந்தபடியே அட்டையைப் படித்தார். ‘இரண்டு அமுக்கு. ஒரே ஆள். அதற்கு மேல் கூடவே கூடாது.’ கடைசி வரியின் கீழே மூன்று கோடுகள். மங்கிப்போன பென்சில் கையெழுத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வாரம் அட்டை இல்ல. அதுக்கே நாலு பேர் சேர்ந்து ஒரு பேரிங்கைக் கொன்னுட்டீங்க,” என்றார். “சரி, அழுகையை நிறுத்திட்டுத் துடைங்க.”

மூன்று பேரும் பழந்துணியோடு பாய்ந்தார்கள். ஒரே உருளை மீது பாய்ந்ததில் ஸ்பேனரின் தலையும் வெல்டரின் தலையும் மோதி டங்கென்று சத்தம் கேட்டது. அக்கா கால் வழுக்கி இருவர் மீதும் விழுந்தாள். உருளையில் இருந்த கிரீஸ் இப்போது மூவர் முகத்திலும் இருந்தது.

மேலாளர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பெட்டிகளைப் பிடித்து எழுந்து நின்றார். தேதி அண்ணனைப் பார்த்தார்.

“என்ன வேடிக்கை பாக்கறீங்க? யார் எங்க துடைக்கணும்னு சொல்லுங்க! உங்க வேலை அதுதானே?”

“இன்னும் என் வேலைதானா மேடம்?”

“திங்கள்கிழமையும் உங்க வேலைதான். அதுக்கு அடுத்த திங்களும்தான். முதல்ல இவங்களைப் பிரிச்சு விடுங்க.”

தேதி அண்ணன் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். கண்ணீர் மறைத்ததால் மூன்று பேரும் ஆறு பேராகத் தெரிந்தார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சத்தம் போட்டார்: “ஸ்பேனர், நீ இடது பக்கம்! வெல்டர், தரை! அக்கா, நீங்க தயவுசெஞ்சு எதையும் தொடாதீங்க!”