சித்திரை மாதத்துப் பனி

எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் செயலாளர் நேற்று ஒரு வரி போட்டார்: 'இனிமேல் இங்கே யாரும் அரசியல் பேச வேண்டாம்.' புதிய ஆட்சி வந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. முந்தின நாள்தான் மூன்றாவது மாடிக்காரர் ஏதோ கிண்டலாகப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் அவரே அதை அழித்திருந்தார். செயலாளரின் வரிக்கு எல்லோரும் கட்டைவிரலைக் காட்டினார்கள். நானும் காட்டினேன். பிறகு யாரோ, 'இன்றைக்கு சேலத்தில் வெயில் அதிகம்' என்று எழுதினார்கள். அதைப் படித்ததும் எனக்கு மாமாவின் சலூன் வாசனை வந்துவிட்டது. சோப்பு நுரையும் படிகாரமும், பக்கத்து எஸ்டேட்டில் பூத்திருக்கும் காப்பியும் கலந்த வாசனை அது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஏற்காட்டுக்குப் போகும் பஸ் நாகலூரில் நிற்குமே, அந்த இடத்துக்கு எதிரே அவருடைய சலூன். பள்ளிக்கூடம் விட்டு, அம்மா எஸ்டேட்டிலிருந்து திரும்பும் வரை நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடிகள். ஒன்றுக்குள் பார்த்தால் மாமா, அவருக்குப் பின்னால் இன்னொரு மாமா, அவருக்கும் பின்னால் சுண்டுவிரல் அளவில் ஒரு மாமா. அந்தக் கடைசி மாமா வேறு ஏதோ தேசத்தில் வேறு யாருக்கோ முடி வெட்டுகிறார் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். மலையில் மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கிக் கதவு வழியாக உள்ளே வரும். கண்ணாடி வெளுத்து, தேசங்கள் ஒவ்வொன்றாக மறைந்துபோகும். மாமா துண்டால் துடைத்ததும் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள்.

நாட்டை ஆளும் வேலை அந்தக் காலத்தில் பெரும்பாலும் மாமாவின் சலூனில்தான் நடந்தது. ஒருவர் கழுத்தில் சவரக்கத்தியை வைத்துக்கொண்டே அவர் அரசாங்கத்தைத் திட்டுவார். கத்தி இருக்கும் இடத்தை உத்தேசித்து யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. எந்த ஆட்சியானாலும் திட்டுவார். தான் ஓட்டுப் போட்ட ஆட்சியானால் கூடுதலாகத் திட்டுவார். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் தினமும் வந்து பேப்பரை விரித்து, திட்டுவதற்குச் செய்தி எடுத்துக் கொடுப்பார். சவரம் என்னவோ அவருக்கு வாரத்துக்கு ஒரு முறைதான். ஏற்காட்டுச் சலூன்களில் சண்டை வரக்கூடாதென்று 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று பலகை மாட்டியிருப்பார்கள். மாமாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"வாயப் பொத்திக்கிட்டு வெட்டோணும்னா செம்மறியாட்டுக்குப் போயி வெட்டலாமுங்க" என்பார்.

நான் இரண்டாம் வகுப்பில் இருந்த வருடம் அப்போதைய புதிய ஆட்சி வந்தபோது, பஸ் நிறுத்தத்தில் பட்டாசு வெடித்ததும் அவர்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு கை நிறைய.

எங்கள் பஸ்ஸை ஓட்டியவர் குப்பனூர்க்காரர். ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் ஒவ்வொரு தலைவரின் குரலில் சொல்லுவார். பஸ் முழுக்கச் சிரிப்பாக இருக்கும். புதிய தலைவரின் குரலையும் பழகிக்கொண்டு, "நாகலூர் மக்களே, இறங்குங்கள்!" என்று ஒரு நாள் முழங்கினார். மறுநாள் போலீஸ் ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. சில நாள் கழித்துத் திரும்பி வந்து மறுபடியும் பஸ் ஓட்டினார், ஆனால் எந்த நிறுத்தத்திலும் வாயைத் திறக்கவில்லை. ஹாரன் மட்டும் அடித்தார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அதற்குப் பிறகு ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் சலூனுக்கு வந்தார். மலைச் சேற்றில் நடந்தும் அழுக்குப்படாத வெள்ளைச் சட்டைக்காரர். கையில் ஒரு பலகை.

"நம்ம நல்லதுக்குத்தானுங்க. மாட்டி வெச்சுருங்க" என்றார்.

மாமா பின்சுவரில் ஆணி அடித்து மாட்டினார். ஏற்காட்டுச் சலூன்களில் இருந்த அதே எழுத்து. நாற்காலியில் உட்கார்ந்தால் எதிர்க் கண்ணாடியில் அது இடம் வலமாகத் தெரியும். அப்படியே வாசிக்கப் பழகுவது எனக்கு நல்ல விளையாட்டாக இருந்தது.

இரண்டு மூன்று நாள் சலூனில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. நான்காம் நாளோ என்னவோ, ரைட்டர் பேப்பரைப் படித்துவிட்டுப் பெருமூச்சோடு மடித்தார். மாமா வாசலைப் பார்த்தார்.

"ஏனுங்க ரைட்டரே, இந்த வருசம் பனி நொம்ப மோசமுங்களே."

ரைட்டர் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் அவர் முகம் மலர்ந்தது.

"ஆமாங்க. கீழ சேலம் வரைக்கும் இறங்கிருச்சாமுங்க."

அப்போது சித்திரை மாதம். மழை பெய்து காப்பி பூத்து, மலையெல்லாம் வெள்ளையாக இருந்தது. வெயில் தோட்டத்துக்குள் அங்கங்கே படுத்துக் கிடந்தது. ஆனாலும் அன்றிலிருந்து சலூனில் பனியைத் தவிர வேறு பேச்சில்லை. பனி பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள் புகுந்துவிட்டதாம். பேப்பர் ஆபீசுக்குள்ளும் கோர்ட்டுக்குள்ளும் புகுந்துவிட்டதாம். எதிரில் இருப்பவன் முகமே தெரியவில்லையாம். "நாமதானுங்க கதவத் தெறந்து உட்டோம். காத்து வரும்னு பாத்தோம், பனி வந்துருச்சு" என்று மாமா சொல்லுவார்.

பெரியவர்கள் இவ்வளவு பயப்படுகிற பனி சாதாரணப் பனியாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. குப்பனூர் டிரைவர் ஜீப்பில் போனதைப் பற்றிப் பேசும்போதும் அவர்கள் பனி என்றுதான் சொன்னார்கள். ஆக, ஆளையே தூக்கிக்கொண்டு போகிற பனி. கனவில் அது காப்பிப் பூக்களோடு பூவாகச் செடிகளில் உட்கார்ந்திருந்தது; நான் பார்க்காதபோது ஒரு செடி முன்னால் வந்தது. எழுந்ததும் அம்மாவின் பழைய புடவையைக் கிழித்து எங்கள் வீட்டு ஜன்னல் சந்தில் திணித்தேன். வீட்டுக்கு அடிக்கடி வருகிற மாமாவை அது அங்கே வைத்துப் பிடித்துவிடக் கூடாது அல்லவா?

ஒரு மத்தியானம், நிஜமாகவே பனி இறங்கியிருந்தபோது, வெள்ளைச் சட்டைக்காரர் சவரத்துக்கு வந்தார். ரைட்டர் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். மாமா நுரை பூசி ஒரு கன்னத்தை வழித்து முடித்திருந்தார். வந்தவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மாமா இங்க என்னத்தப் பேசுவாரு கண்ணு?"

"பனியப் பத்தித்தானுங்க."

"பனியா? என்னன்னு?"

இதைவிட எனக்கு என்ன வேண்டும். கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன். கதவைத் திறந்துவிட்டதையும் காற்றுக்குப் பதில் பனி வந்ததையும் சொன்னேன். கடைசியாக, மனசுக்குள் கிடந்து உறுத்தியதையும் கேட்டுவிட்டேன்.

"குப்பனூர் டிரைவரப் புடிச்சுட்டுப் போன மாதிரி எங்க மாமாவையும் பனி புடிச்சுட்டுப் போயிருமாங்க?"

பேப்பர் சரசரப்பது நின்றது. மாமாவின் கத்தி அந்தரத்தில் நின்றது. கண்ணாடி பனியில் வெளுத்துக்கொண்டே வந்தது. சுண்டுவிரல் மாமா முதலில் போனார், அப்புறம் அவருக்கு முன்னால் இருந்தவர். துண்டு தோளில் கிடந்தும் மாமா துடைக்கவில்லை.

வெள்ளைச் சட்டைக்காரர் வெளுத்த கண்ணாடியையே பார்த்தார். பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் சொல்வது போலச் சொன்னார்.

"எங்க ஊட்டுக்குள்ளயும் வருது கண்ணு."

எனக்குப் பாவமாக இருந்தது. "சன்னல் சந்துல பழைய துணிய வெச்சு அடைச்சுருங்க. எங்க ஊட்ல நான் அடைச்சுட்டேன்" என்றேன்.

அவர் தலையாட்டினார். மாமாவின் தோளிலிருந்த துண்டை எடுத்து, மீதிக் கன்னத்து நுரையை அவரே துடைத்துக்கொண்டார். பாதி வழித்த முகத்தோடு பனிக்குள் இறங்கி நடந்தார். கொஞ்ச தூரத்துக்கு அந்த வெள்ளைச் சட்டை தெரிந்தது, பிறகு எது சட்டை, எது பனி என்று தெரியவில்லை.

அடுத்த சில நாட்கள், எஸ்டேட் ஜீப் போனால்கூட மாமா வெட்டுவதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார். எந்த ஜீப்பும் நிற்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் மீதிக் கன்னத்துக்குத் திரும்பி வரவேயில்லை. தாடி வளர்க்கிறார் என்று ரைட்டர் சொன்னார். மாமா சரியாக வழிக்காத கோபம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வெயில் பளீரென்று அடித்தது. "இவ்வளவு வெயில்ல சன்னல எதுக்குக் கண்ணு அடைச்சு வெச்சிருக்கற?" என்று கேட்டுக்கொண்டே துணியை உருவினார். நான் காரணத்தைச் சொன்னேன். அப்போது அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. ரேஷன் கடையில் பட்ட பாட்டைச் சொல்லி, புதிய தலைவரைப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். தம்பிக்கு அக்கா சளைத்தவள் இல்லை. மாமா அடுப்படிப் பக்கம் பார்த்தார். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த துணியை மடித்து அதே சந்தில் முன்னைவிட இறுக்கமாகத் திணித்து, விரலால் ஓரமெல்லாம் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் அடைச்சிருக்க, சாமி" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொரு ஜன்னலுக்கும் துணி இருக்கிறது என்று சொல்லி, எடுத்து வர ஓடினேன்.