ஓடைக்கு இந்தப் பக்கம்

அம்மா படம் எடுக்கும்போது குடை பிடிப்பது என் வேலை. குடை அவருக்கு அல்ல, போனுக்கு. தான் நனைந்துகொண்டே குனிந்து, போனை முழங்கால் உயரத்துக்கு இறக்கிப் பிடிப்பார். ஒரு படம். கொஞ்ச தூரம் நடை. மறுபடி ஒரு படம். அட்டுவம்பட்டிக்குப் பின்னால் சோலைக்காட்டுக்குள் போகிற ஒற்றையடிப் பாதை அது. அந்தச் செவ்வாய்க்கிழமையும் கணுக்கால்வரை ஈரச் சோப்பைத் தேய்த்துக்கொண்டு போனோம். அட்டைக்குப் பயந்து நான் தேய்த்துக்கொண்டேன். எனக்குத் துணையாக அவரும் தேய்த்துக்கொண்டார். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

அம்மா பெயர் வீரம்மாள். கொடைக்கானலில் ஒரு காட்டேஜில் அறைகளைச் சுத்தம் செய்வார். சனி, ஞாயிறு கூட்டம் அள்ளும், செவ்வாய் லீவு. யாரோ விட்டுப்போன பச்சை ஸ்வெட்டர், யாரோ விட்டுப்போன குரங்குக் குல்லா, இரண்டையும் போட்டுக்கொண்டு காட்டுக்குக் கிளம்புவார். பார்க்கிறவர்கள் அவரையும் ஒரு டூரிஸ்ட் என்று நினைத்து வழி சொல்ல வருவார்கள். பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

படங்களெல்லாம் மூக்கம்மா பெரியம்மாவுக்கு. சொந்தமில்லை, அம்மாவோடு அதே பாதையில் விறகு சுமந்தவர். இப்போது மகன் பாலகுமாரோடு அய்யம்பாளையத்தில் இருக்கிறார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மலை ஏற முடியாது. அதனால் அம்மா நடப்பார், வாட்ஸ்அப்பில் பெரியம்மா பின்னால் வருவார். அப்படித்தான் இருவரும் பேசிக்கொள்வார்கள். "நேத்து நடந்ததுல கால் வலிக்குதுடி" என்று கட்டிலில் படுத்தபடி பெரியம்மா சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

நான் கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவு எஞ்சினியர். லீவில் ஊருக்கு வரும்போதுதான் குடை என் கைக்கு வரும். போன் வாங்கிக் கொடுத்தவள் என்ற உரிமையில் ஒருமுறை சொன்னேன்: எல்லாப் படத்திலும் தரைதான் இருக்கிறது, வேரும் ஈரக்கல்லும் சருகும்தான் தெரிகின்றன, மேலே கொஞ்சம் மரமும் வானமும் வரட்டும் என்று.

"வானத்துலயா நடக்கப் போறா அவ?" என்றார்.

பாதை பிரியும் இடத்தில் ஒரு செருப்பைக் கழற்றி, போக வேண்டிய பக்கம் நுனி பார்க்க வைத்து எடுப்பார். ஆட்கள் வந்தால் கடந்து போகும்வரை மரத்தோடு ஒட்டி நிற்பார். சென்னையிலிருந்து வந்த புதுமணத் தம்பதி ஒருமுறை தங்கள் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். இருவருடைய ஷூக்களும் பாதையும் அழகாக விழுந்திருந்தன, தலை இல்லை. அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "மூஞ்சிய ரெண்டு பேரும் தெனமும் பாக்கப் போறீங்கதானே கண்ணு" என்றார் அம்மா.

காட்டுக்குள் சிக்னல் கிடையாது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ரோட்டு வளைவில் டீக்கடைக்கு வந்துதான் அனுப்ப வேண்டும். அன்றைக்கு நெட் சரியில்லாவிட்டால் முன்பின்னாகப் போய்ச் சேரும். உடனே அழைப்பு வரும். "ஏடி, என்னைய ஓடைக்கு அங்கிட்டு விட்டுட்டு நீ மட்டும் இங்கிட்டு நின்னு என்னா சோலி பாக்குற?" அம்மா பதறிப்போய் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அனுப்புவார். வரிசை பிசகினால் மூக்கம்மா காட்டுக்குள் தொலைந்துபோவார் என்று உண்மையாகவே நம்பினார்.

ஓடையைத் தாண்டிக் கொஞ்சம் ஏறினால் ஒரு கல் இருக்கிறது. பெயரில்லாத சாமி. விறகுக்குப் போகிறவர்கள் ஒரு பச்சைத் தழையை ஒடித்து அதன் முன்னால் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். போய்விட்டுத் திரும்பி வர வேண்டும் என்பதுதான் வேண்டுதல். பிரசவத்துக்குப் போகும்போதும் பெரியம்மா அங்கே தழை போட்டுவிட்டுத்தான் போனாராம். மதுரையில் முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் அம்மாவிடம் கேட்டார்: தன் பேரைச் சொல்லித் தழை போட வேண்டும், வழியோடு சேர்த்துப் படம் வர வேண்டும், பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரி.

அதற்காகத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை போனோம். ஓடைவரை எடுத்தாயிற்று. மழை வலுத்தது. தாண்டுகிற கற்கள் ஒவ்வொன்றாக மூழ்கின. அம்மா கரையில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி நடந்தார். டீக்கடையில் அதுவரை எடுத்த படங்களை அனுப்பிவிட்டு, போனை வாய்க்கு அருகில் வைத்துப் பேசினார்: "ஓடையில தண்ணி ஏறிருச்சு புள்ள. நீ அங்கனயே நில்லு. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

மறுநாள் வெள்ளனே பால் வாங்கிக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தார். எழவில்லை. இதயம் என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய பிறகு பாலகுமார் அழைத்தான். ஆபரேஷன் நாளைத் தள்ளி வைத்து, மறுபடி நாள் வாங்கியிருந்தான். பெரியம்மா இந்த முறையும் கிளம்ப மறுக்கிறாராம். இனியும் தள்ளினால் எழுந்து நிற்பதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா எப்போதோ அனுப்பிய பழைய படம் ஒன்றில் அந்தக் கல் இருந்தது. அதைக் காட்டிப் பார்த்தானாம். "இது வேற நடை" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

"நீங்க பேசிப் பாருங்கக்கா. என்னைய ஏசுறாங்க."

பேசினேன். நாளைக்கு லீவு போட்டு வந்து மீதியை எடுத்து அனுப்புகிறேன் என்றேன்.

"நிக்கச் சொன்னவ அவ. இப்ப யாரு சொல்லி நான் நகர?"

"நான் சொல்றேன் பெரியம்மா. குடை பிடிச்சவளுக்கும் வழி தெரியும்."

"ஆமா, தெரியும். நீ கொட நுனியப் பாத்துட்டே நடந்தவ." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி தாயி. வெரசா நடக்காத. ஒங்க அம்மா கால் வேற, என் கால் வேற."

மறுநாள் மழை இல்லை. ஓடையில் கற்கள் வெளியே தெரிந்தன. கரையில் தொடங்கி எடுத்தேன். மேலே ஏறி, பெரியம்மாவின் பேரைச் சொல்லித் தழை போட்டேன். அதையும் எடுத்தேன். டீக்கடைக்கு வந்து, அம்மாவின் போனிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பத் தொடங்கினேன். என் போனில் பாலகுமார் இணைப்பில் இருந்தான்.

முதலில் ஓடை. போய்ச் சேர்ந்துவிட்டதாகக் குறி காட்டியது. பெரியம்மா என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

"படத்தையே பாத்துட்டு இருந்தாங்கக்கா. இப்பச் சொவத்தப் பிடிச்சு எந்திரிச்சு நிக்கிறாங்க." அவன் குரல் தணிந்தது. "சேலையக் கெண்டக்காலுக்கு மேல தூக்கிச் செருகுறாங்க."

அடுத்த படத்தை உடனே அனுப்பவில்லை. அவர் தாண்டட்டும் என்று காத்திருந்தேன்.