ஆறு சுத்து

அன்றைக்குப் பம்ப் ரூமில் இருந்தவர்கள்: பம்ப் ஓட்டுகிற அண்ணன், கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்துவிட்டு வந்தவர். ரெஜிஸ்டர் எழுதுகிற மேடம். தண்ணீர் லாரி டிரைவர். மீட்டர் படிக்கிறவர். நான்.

எங்கள் இன்ஜினியர் சார் மட்டும் இல்லை. அவர் ரேடியோவில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு ரேடியோவில் கன்னடத்தில் அந்த நிகழ்ச்சி வரும். ஒரு வாரம் டாக்டர் உட்காருவார். சர்க்கரை இருந்தால் ராகி சாப்பிடலாமா என்று ஜனங்கள் போன் பண்ணிக் கேட்பார்கள். ஒரு வாரம் கரண்ட் ஆபீசர். ஒரு வாரம் ரேஷன் கார்டு ஆபீசர். எங்கள் சந்தில் ஒரு பெண் ரேஷன் வாரத்தில் போன் போட்டுப் பேசினாள். இரண்டு வருஷமாக வராத கார்டு பத்து நாளில் வந்தது. அதை அவள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினாள். எங்கள் வீட்டுக்கும் வந்தாள்.

இந்த வாரம் தண்ணீர். பெரிய ஆபீசர் போனார். துணைக்கு எங்கள் சாரையும் கூட்டிப் போனார். சார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"ரேடியோல சட்டை தெரியுமா மேடம்?" என்றான் டிரைவர்.

"செண்ட் கூடப் போட்டிருந்தாரு" என்றார் மேடம்.

சிரித்தோம். நானும் சிரித்தேன்.

நான் வால்வுமேன். பெங்களூர் ஜோகுபாளையத்தில் மூன்று வால்வு என் கையில். ரோட்டில் இரும்பு மூடியைத் தூக்கி, குழிக்குள் நீளமான சாவியை விட்டுச் சுற்ற வேண்டும். முழுசாகத் திறக்க இருபத்திரண்டு சுத்து. ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஐந்திலிருந்து ஏழு வரை தண்ணீர்.

எட்டு வருஷமாகத் தினக்கூலி. அந்த வருஷம் பர்மனென்ட் ஆக்குகிறவர்கள் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் யார் பெயர் போவது என்பது சார் கையில். நாற்பது தாண்டினால் எடுக்கமாட்டார்கள் என்று சொன்னார்கள். எனக்கு முப்பத்தொன்பது. அந்தப் பட்டியலை விட்டால் எனக்கு வேறு பட்டியல் கிடையாது.

மேட்டு ரோட்டில் பங்களாக்கள். பள்ளத்தில் எங்கள் சந்து. பள்ளத்து வால்வை முழுசாகத் திறந்தால் மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது. ஆறு மாதம் முன்னால் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பள்ளத்துக்கு ஆறு சுத்து போதும்ப்பா."

"ரெஜிஸ்டர்ல சார்?"

"ஃபுல் ஓபன். எப்பவும் போல."

மேடம் கன்னடத்தில் எழுதுவார். ஓரத்தில் நான் தமிழில் கையெழுத்துப் போடுவேன். நான் நாலாவது வரை படித்தவன். கையெழுத்து நன்றாக இருக்கும்.

அந்தச் சந்தில்தான் என் குடியும். வீட்டுக்குள் குழாய் வைத்தவர்கள் நாலு பேர். மற்றவர்களுக்குச் சந்து முனையில் தெருக்குழாய். ஆறு சுத்தில் தண்ணீர் நூல் மாதிரி விழும். ஒரு குடம் நிறைய ஐந்து நிமிஷம். அப்போது பெண்கள் ஒரு சட்டம் போட்டார்கள். வால்வுமேன் வீட்டுக் குடம் கடைசியில்தான் வைக்க வேண்டும்.

"அவங்களுக்கு இன்னா, சாவியே வூட்ல இருக்குது. தனியா ரொப்பிக்குவாங்க" என்றார்கள். இரண்டு பேர் வீட்டுக்குள் வந்து டிரம் மூடியைத் திறந்து பார்த்தார்கள். காலியாக இருந்தது. அப்படியும் சட்டம் மாறவில்லை. பல நாள் எங்கள் குடத்துக்கு முறை வருவதற்குள் ஏழு மணி ஆகிவிடும். ஏழு மணிக்கு மூடுகிறவனும் நான்தான்.

என் வீட்டுக்காரி மேட்டு ரோட்டில் இரண்டு வீட்டில் வேலை செய்தாள். கன்னடம் அங்கே கற்றது. ஒருநாள் வந்து சொன்னாள், "அங்க நாயைக் குளிப்பாட்டுறாங்கயா, பைப் வெச்சி." அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, "தொறக்கிறது நீதானே?" என்றாள்.

"ஆறு சுத்துதான் ஆர்டர். இருபத்திரண்டும் சுத்தினா என் வேலை போயிடும்."

அவ்வளவுதான் சொன்னேன். வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

ரேடியோவில் முதலில் ஒருவர் பில் கூட வருகிறது என்றார். அடுத்தவர் தண்ணீரில் சாக்கடை வாசனை என்றார். சார் நன்றாகப் பதில் சொன்னார். வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினார். மேடம்கூடத் தலையை ஆட்டினார்.

மூன்றாவது, "ஹலோ" என்று ஒரு பெண் குரல்.

அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துவிட்டது.

"உங்க பக்கத்து ரேடியோவைக் கொஞ்சம் குறைங்கம்மா" என்றார் நிகழ்ச்சி நடத்துகிறவர். பின்னால் அவள் குரலே இன்னொரு தடவை கேட்டது. எங்கள் முனைக் கடையில் காயின் போன் பக்கத்திலேயே ரேடியோ. கடைக்காரர் குறைத்திருப்பார். பெயர் கேட்டார்கள். பெயர் வேண்டாம், ஜோகுபாளையம் என்றாள்.

பம்ப் அண்ணன் என்னைப் பார்த்தார். தினமும் மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவள் குரல் அவருக்குத் தெரியும். அவர் ரேடியோவை அணைக்கக் கையை நீட்டினார்.

"இருங்க, நம்ம ஏரியா" என்றார் மேடம்.

கன்னடத்தில் நிதானமாகப் பேசினாள். மனப்பாடம் பண்ணியிருப்பாள். எங்கள் சந்துக்குத் தண்ணீர் வருவதில்லை. மேட்டு ரோட்டுக்கு வருகிறது. எங்கள் வால்வை ஆறு சுத்துதான் திறக்கிறார்கள். மொத்தம் இருபத்திரண்டு சுத்து இருக்கிறது. வால்வுமேன் மேல் தப்பில்லை, மேலே இருந்து சொல்கிறார்கள். நீங்கள் ரேடியோவிலேயே முழுசாகத் திறக்கச் சொல்லிவிடுங்கள் சார்.

"யாருப்பா இது? சூப்பரா கேக்குது!" என்று டிரைவர் தொடையைத் தட்டினான். பிறகு பம்ப் அண்ணன் முகத்தைப் பார்த்தான். கையைத் தொடையிலேயே வைத்துக்கொண்டான்.

தெருவில் யாரும் சுத்துக் கணக்குப் பேசமாட்டார்கள். நூல் மாதிரி வருது, காத்துதான் வருது என்பார்கள். இந்த வால்வுக்கு இத்தனை சுத்து என்பது சாருக்கும் பம்ப் அண்ணனுக்கும் எனக்கும் தெரியும். அதற்கு மேல் வால்வுமேனுக்குப் பரிந்து வேறு பேசினாள். தண்ணீர் வராத எந்தப் பொம்பளை வால்வுமேனுக்குப் பரிந்து பேசுவாள்?

பெரிய ஆபீசர், "நம்ம இன்ஜினியர் சொல்லுவார்" என்றார்.

சார் உடனே பேசவில்லை. ரேடியோவில் சும்மா இருந்தால் ரொம்ப நேரம் மாதிரி இருக்கிறது.

"அந்த வால்வு ஃபுல் ஓபன்னு ரெஜிஸ்டர்ல இருக்கும்மா. வால்வுமேன் கையெழுத்து இருக்கு. அவர் குறைச்சுத் திறந்திருந்தா அது அவர் தப்பு. நாங்க ஆக்‌ஷன் எடுக்கிறோம்."

"இல்ல சார், அவரு..." என்றாள். தமிழில் சொல்லிவிட்டாள். லைனை வெட்டிவிட்டார்கள். அடுத்தவர் மீட்டர் ஓடவில்லை என்றார்.

மீட்டர் படிக்கிறவர் எழுந்து வெளியே போனார். பம்ப் அண்ணன், "டீ சொல்லட்டுமாடா?" என்றார். வேண்டாம் என்றேன்.

அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடு வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"பேர் சொல்லலியே" என்றாள்.

"சுத்து சொன்னியே."

அது அவளுக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. பிறகு சொன்னாள், "ரேஷன் கார்டு வந்துச்சேயா. பெரிய ஆபீசர் ஒரு வார்த்தை சொன்னா உன்னையும் யாரும் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்."

நான் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட்டேன்.

சனிக்கிழமை சார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "நாளைக்கு ஃபுல்லா திற. பெரிய ஆபீஸ்லருந்து ஆள் வரும்" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்திரண்டு சுத்தும் திறந்தேன். தெருக்குழாயில் தண்ணீர் குடத்துக்கு வெளியே அடித்தது. பெண்கள் சத்தம் போட்டுக்கொண்டு பிடித்தார்கள். பெரிய ஆபீஸ் ஆள் வந்தார், பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். நான் சாவியோடு கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"எந்த மகராசியோ, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டாடி."

"ரேடியோவுலயே சொல்லிட்டாங்களே, தப்பு வால்வுமேனுதுன்னு. மேல இருக்கிறவங்கல்லாம் நல்லவங்கதான். இடையில இருக்கிறவன்தான் திருடன்."

ரேஷன் கார்டுக்காரி என் வீட்டுக்காரியைப் பார்த்து, "இன்னாமா, இப்ப மட்டும் எப்படிக் கொட்டுது? உன் வூட்டுக்காரரு நேத்து தூங்கலியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் வாயைத் திறக்கவில்லை. போன் பண்ணியது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அவளைத் தோளில் தூக்கி வைத்திருப்பார்கள். போன் பண்ணியது யார் என்று சாருக்குத் தெரியும்தான். ஆனால் சாட்சி இல்லை. அவள் சொன்னால் சந்தே சாட்சி. குடத்தைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தாள்.

திங்கட்கிழமை சார் கூப்பிட்டார். மேஜைமேல் ரெஜிஸ்டர். மேடம் சிவப்பு மையில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்திருந்தார். மேலே சுத்து என்று எழுதியிருந்தது. கீழே காலி.

"உட்காரு" என்றார் சார். எட்டு வருஷத்தில் முதல் தடவை. நான் நின்றேன்.

"பெரிய ஆபீஸ் ரிப்போர்ட் கேக்குது. ஆறு மாசமா எத்தனை சுத்து திறந்தேன்னு எழுதணும். இருபத்திரண்டுன்னு எழுதினா, போன் பண்ண பொம்பளை பொய் சொல்லுது. கேஸ் முடிஞ்சிடும், உன் பேர் பட்டியல்ல போகும். ஆறுன்னு எழுதினா அதுவும் சரிதான். ஆனா யார் சொல்லி ஆறு? காகிதம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ?"

மேடம் ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து ரூமில் பம்ப் ஓடியது.

"நாளையிலருந்து எத்தனை சார்?" என்று கேட்டேன்.

"பழையபடி."

"எத்தனை சார்?"

"பழையபடிப்பா."

மேடம் ஒவ்வொரு வரியிலும் இருபத்திரண்டு என்று போட்டுக்கொண்டே வந்தார். அவர் போடப் போட, பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரி ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னது பொய் என்று போட்டேன். பாதியில் பேனா எழுதவில்லை. சார் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் பேனா நன்றாக எழுதியது.

கடைசிப் பக்கம் முடிந்ததும் சார், "எத்தனை கையெழுத்துன்னு ரிப்போர்ட்ல போடணும், எண்ணுங்க" என்றார்.

மேடம் முதல் பக்கத்துக்குப் போய் ஸ்கேல் முனையை வைத்து எண்ணினார்.

தொண்ணூற்றொன்று.