ரூலோஃப் சூடேற்றிய கழுத்துகள்

ராட்டர்டாமில் ஓர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ரூலோஃப் இருபத்தாறு வருஷமாகக் கழுத்துகளைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். மனுஷக் கழுத்து இல்லை. கடல்பாசி, சர்க்கரை, உப்பு, தண்ணீர் போட்டுக் காய்ச்சி, அச்சில் ஊற்றி, சோதனைக்காக அவரே உறையவைத்த கழுத்து. மைக்ரோவேவ் அலைகளை அனுப்பிப் புற்றுக்கட்டியை மட்டும் நாற்பத்து மூன்று டிகிரிக்குக் கொண்டுபோனால் கதிர்வீச்சு அதன்மேல் நன்றாக வேலை செய்யும். பக்கத்துத் தோல் வெந்துவிடவும் கூடாது. அதற்காகக் கழுத்தைச் சுற்றி மாட்டும் பன்னிரண்டு ஆண்டெனா வளையம் ஒன்றை வரைவதும் அழிப்பதுமாகவே அவர் ஆயுசு போயிற்று.

இப்போதைய பாசிக் கழுத்துக்கு யாப் என்று பெயர். அன்று யாப்புக்கு நான்காவது பிறந்தநாள். கூத்தைக் கேளுங்கள்! கூட வேலை செய்பவர்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் யாப்பை வைத்து, ஆளுக்கொரு துண்டு ஆப்பிள் கேக்கோடு உட்கார்ந்து, பிறந்தநாள்காரரின் வீட்டாரையும் வாழ்த்தும் ஊர் வழக்கப்படி ஒவ்வொருவரும் ரூலோஃபின் கையைக் குலுக்கினார்கள். "உங்க யாப்புக்குப் பிறந்தநாள், உங்களுக்கு வாழ்த்துகள்!" அத்தனை பேரும் முனைவர் பட்டம் வாங்கியவர்கள்.

அந்த நேரம் பார்த்து ட்ரூஸ் அம்மாள் உள்ளே வந்தாள். சந்தையில் ஹெர்ரிங் மீன் விற்பவள். ஒருமுறை குணமாகிப் போன புற்று கழுத்தில் திரும்பி வந்திருந்தது. ரூலோஃபின் வளையத்துக்குள் கழுத்தைக் கொடுக்கப்போகும் முதல் மனுஷி அவள்தான். வட்டத்தில் இருந்தவர்கள் பழக்கதோஷத்தில் அவள் கையையும் குலுக்கி வாழ்த்தினார்கள்.

"யாருக்குய்யா பிறந்தநாள்?"

"இவனுக்குத்தாம்மா" என்று ரூலோஃப் யாப்பைக் காட்டினார்.

"தலையைக் காணோமே!"

"தலை தேவைப்படலம்மா."

"அடப்பாவிகளா! உங்க கையிலயா என் கழுத்தைக் குடுக்கப்போறேன்?" என்றவள், கேக்கை மட்டும் வாங்கித் தின்றாள்.

சிகிச்சை தொடங்குமுன் ரூலோஃப் மூன்று தரம் சொன்னார்: எங்கே சுட்டாலும் உடனே சொல்ல வேண்டும். கட்டிக்குள் செருகிய வெப்பமானி கட்டியின் சூட்டைத்தான் காட்டும். தோலில் எந்த இடம் பொறுக்கவில்லை என்பதை ஆள் வாய்திறந்து சொன்னால்தான் உண்டு.

இந்த ஊர் ஜனங்களோ, மழை, டிராம், பக்கத்து வீட்டு நாய் என்று மணிக்கணக்கில் புலம்புவார்கள். தன் உடம்பு வலித்தால் மட்டும் மூச்சு விட மாட்டார்கள். ஆர்ப்பாட்டம் பண்ணுவது அசிங்கமாம். சந்தையே அதிரக் கத்துகிற ட்ரூஸும் வளையத்துக்குள் படுத்ததும் ஊமையாகிவிட்டாள்.

"சுடுதாம்மா?"

"பரவால்ல."

"இப்ப?"

"பரவால்ல."

கட்டி நாற்பத்தொன்றிலேயே நின்றது. இன்னும் ஏற்றினால் தோல் பொசுங்கிவிடுமோ என்று ரூலோஃபுக்கு உதறல். தற்செயலாக அவள் கால்களைப் பார்த்தார். காலுறைக்குள் விரல்கள் சுருண்டு கிடந்தன. யாப்புக்கு விரல் கிடையாது. இதையெல்லாம் அவர் இதற்குமுன் எங்கே பார்த்தார்? ஜென்மத்தில் யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷர் கத்திவிட்டார்.

"பொய் சொல்றீங்க! வலிச்சா வலிக்குதுன்னு சொல்லித் தொலைங்களேம்மா!"

ட்ரூஸ் சின்னக் குரலில் சொன்னாள்: "சொன்னா நிறுத்திடுவியேப்பா. இதை விட்டா எனக்கு வேற எதுவும் இல்லேன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

ரூலோஃப் அவள் பக்கம் குனிந்தார்.

"சத்தியமா நிறுத்த மாட்டேம்மா. சுடுற பக்கம் குறைச்சு, அடுத்த பக்கம் ஏத்துவேன், அவ்வளவுதான். எங்கேன்னு மட்டும் சொல்லுங்க."

"நிஜமா?"

"நிஜமா."

"அப்போ கேட்டுக்க! இடது காதுக்குக் கீழ பத்து நிமிஷமா பத்தி எரியுதுடா, களி கிண்டுற பயலே!"

அவர் மூன்றாவது ஆண்டெனாவைக் குறைத்து ஒன்பதாவதை ஏற்றினார்.

"இப்ப தாடைக்குக் கீழ, மடையா! கண்ணு தெரியலையா உனக்கு?"

பதினொன்றைக் குறைத்தார். திட்டு சந்தைத் தரத்துக்கு ஏறியது. கட்டி நாற்பத்திரண்டு ஆயிற்று, நாற்பத்து மூன்றைத் தொட்டு அங்கேயே நின்றது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை ஒழியாமல், "நிறுத்தாதீங்கம்மா, இன்னும் திட்டுங்க" என்று ரூலோஃப் சிகிச்சை நடந்த ஒரு மணி நேரமும் கெஞ்சிக்கொண்டே இருந்தார்.