பதினொரு மணி ஓவியம்

கல்யாணமாகித் தேனிக்கு வந்த இரண்டாவது வருஷம், கேபிளில் ஒரு வெளிநாட்டு சேனல் கண்ணில் பட்டது. காலை பதினொரு மணிக்கு ஒருவர் அதில் படம் வரையக் கற்றுக்கொடுப்பார். அரைமணி நேரத்தில் வெறும் துணியில் மலையும் ஏரியும் வந்துவிடும். அவர் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் பாதிகூட விளங்காது. கையைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். அவரிடம் ஆயில் கலர். எனக்குக் கிடைத்தது போஸ்டர் கலரும் சார்ட் பேப்பரும்தான். அது சீக்கிரம் காய்ந்துவிடும். இடையில் எழுந்தால் வானம் திட்டுத் திட்டாகிப் போகும்.

கீழ்வீட்டு அக்கா பேச்சுத் துணைக்கு வருவதும் அந்த நேரத்தில்தான். இரண்டொரு தடவை கதவைத் திறக்காமலே இருந்திருக்கிறேன்.

அன்றைக்கும் கதவு தட்டுகிற சத்தம் கேட்டதும் அந்த அக்காதான் என்று நினைத்தேன். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மறுபடி தட்டினார்கள். கொஞ்சம் விட்டு, மெதுவாக இன்னொரு தடவை. நான் ஏரிக்கு நீலம் இழுத்துக்கொண்டிருந்தேன்.

நிகழ்ச்சி முடிந்து கதவைத் திறந்தால் வாசலில் ஒரு மஞ்சள் பை. உள்ளே திராட்சையும் ஒரு சீப்பு வாழைப்பழமும். கீழே எட்டிப் பார்த்தேன். அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா வந்தாகம்மா. தட்டித் தட்டிப் பாத்தாக. 'பிள்ள தூங்குது போல, எழுப்ப வேணாம்'னு சொல்லிட்டு இப்பத்தான் போறாக."

செருப்பு மாட்டாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். சின்னமனூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக அப்பா உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையிலிருந்து காலையிலேயே கிளம்பியிருக்கிறார்.

"தூங்கிட்டயா ஆத்தா?" என்று அவரே கேட்டார்.

"ஆமாப்பா. அசந்துட்டேன்."

சொல்லும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தேன். விரலெல்லாம் நீலம். அப்பா அதைப் பார்த்தார். பிறகு டிரைவர் சீட் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வீட்டுக்கு வாங்கப்பா, சாப்பிட்டுப் போகலாம்."

"இருக்கட்டும். கண்ணாஸ்பத்திரிக்குப் போகலாம்னு வந்தேன். சொட்டு மருந்து விட்டா ரொம்ப நேரத்துக்குக் கண்ணு தெரியாதாம், கூட ஆள் வேணும்னாக. இன்னொரு நாளு பாத்துக்கிடலாம்."

இப்போதே போகலாம், இறங்குங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது என்றுதான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். உண்மையில் அது இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. நீலக் கையோடு அப்பா பக்கத்தில் நடக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பி வந்து பார்த்தால், அந்தப் படம் நன்றாக வந்திருந்தது. அதுவரை நான் போட்டதிலேயே அதுதான் நல்ல படம். ஒரு வாரம் டிவியைப் போடவில்லை. எட்டாவது நாள் போட்டேன்.

அந்த இன்னொரு நாள் வர ஐந்து மாசம் ஆனது. அண்ணன்தான் கூட்டிப்போனான். புரை முற்றிவிட்டது, முன்னாலேயே வந்திருக்கலாமே என்றாராம் டாக்டர். ஆபரேஷன் நடந்தது. ஒரு கண் தெளிந்தது. இன்னொன்றில் கடைசிவரை ஒரு மங்கல் இருந்தது.

கட்டுப் பிரித்த பிறகு ஊருக்குப் போனேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோறு போட்டுக்கொண்டே சொன்னேன்.

"அன்னைக்கு நான் தூங்கலப்பா."

"தெரியும். டிவி சத்தம் கேட்டுச்சு. நான் தட்டுனதும் குறைஞ்சுச்சு." குழம்பைப் பிசைந்தபடி சொன்னார். "யாரையோ நெனச்சு அப்படி இருந்திருப்ப."

"நீங்கன்னு தெரியாதுப்பா."

"தெரிஞ்சா தொறந்திருக்க மாட்டயா என்ன."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். மூன்றாவது தடவை அவ்வளவு மெதுவாகத் தட்டியது கீழ்வீட்டு அக்காவாக இருக்காது என்று எனக்கு அப்போதே தோன்றியிருந்தது. அதைச் சொல்லவில்லை. ரசம் எடுத்து வருகிறேன் என்று அடுப்படிக்குள் போய்விட்டேன்.