மெஸ் சுவரில் லூர்துமேரி

ஏசுராஜ் பட்டினப்பாக்கம் மீனவக் குப்பத்துக்காரர். கடலுக்குப் போனால் குமட்டுகிறது என்று பிரஷ்ஷைப் பிடித்தவர். ஓங்கோல், மதுரை, மங்களூர் என்று ஊர் ஊராகப் போய் ஹோட்டல் சுவர்களில் படம் வரைவார். எங்கே போனாலும் ஒரே படம்தான்: காலை வெயிலில் ஒரு கிராமம். தென்னந்தோப்பு, வைக்கோல் போர், மாட்டு வண்டி. இத்தனைக்கும் மனிதர் ஒரு நாள்கூடக் கிராமத்தில் தங்கியதில்லை. அதனால்தானோ என்னவோ, ஒவ்வொரு கிராமத்துக்குள்ளும் மீன் விற்கும் மனைவி லூர்துமேரியைத் தலையில் மீன்கூடையோடு நடக்க விட்டுவிடுவார்.

லூர்துமேரி அதை நம்பியதே இல்லை. "எவளையோ வரைஞ்சிட்டு என் பேரச் சொல்லாத" என்பார். செல்போனில் எறும்பளவு உருவத்தைக் காட்டினால் யார்தான் நம்புவார்கள்?

போன மாதம் மயிலாப்பூரில், நான் தினமும் சாப்பிடும் கோமளம் மாமி மெஸ்ஸில் ஏசுராஜுக்கு வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து நடக்கிற தூரம். "சனிக்கிழமை வா, உன்னையே பாத்துக்கோ" என்று மனைவியை அழைத்துவிட்டார். பழக்க தோஷம், மீன்கூடையையும் வரைந்துவிட்டார். சைவ மெஸ்ஸில்!

வெள்ளிக்கிழமை மாமியின் கண்ணில் அது பட்டது. "ஐயோ, மீனா? சாப்பிடறவா எழுந்து போயிடுவாப்பா. அழிச்சுடு."

உப்பில்லாத சாம்பாருக்கே எழுந்து போகாதவர்கள் நாங்கள். அதை மாமியிடம் யார் சொல்வது? ஏசுராஜின் முகம் வாடிவிட்டது. பெண்ணை அழிக்க மனம் வராமல், மீன்களை மட்டும் கத்திரிக்காய் ஆக்கினார். எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் வியாபாரம் முடிந்து லூர்துமேரி வந்தார். கூடையை வாசலில் வைத்துவிட்டு, சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாய்யா, கத்திரிக்கா கீது? நான் எப்ப கத்திரிக்கா வித்தேன்? இது நான் இல்ல."

ஏசுராஜ் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மாமி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சுவருக்குக் கிட்டப் போனார். "ஏம்ப்பா, கத்திரிக்காய்க் கூடைலேருந்து தண்ணி சொட்டறதே? புடவைகூட தோள்ல ஈரமா இருக்கே?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். கூடையின் ஓரத்தில் வெயில் பட்டு மின்னும் நாலைந்து சொட்டுகள். இடது தோளில் மட்டும் புடவையின் நிறம் அடர்ந்திருந்தது. மீனை மாற்றியவர் இவற்றைத் தொடவே இல்லை.

லூர்துமேரியின் கை தன் இடது தோளுக்குப் போனது. பதினெட்டு வருஷமாக மீன்கூடையின் ஐஸ் தண்ணீர் சொட்டும் தோள். அன்றைக்கும் நனைந்துதான் இருந்தது.

ஏசுராஜ் வாயைத் திறப்பதற்குள் லூர்துமேரியே மாமியிடம் சொன்னார்: "நான்தாம்மா அது. காயி இப்பத்தான் கழுவிக்கினு வர்றேன்."