வேலியோரச் செருமல்

அறுபதுகளில் நான் இலங்கையில், பல்லேகமவில் படிப்பித்தபோது பக்கத்து வளவில் ஒரு முஸ்லிம் விவசாயி இருந்தார். ஒட்டிய கன்னம், நரைத்த தாடி. வேலிக்கு வருமுன் பலமாகச் செருமுவார்; பீடி இருமல் என்று நினைத்தேன்.

அவருடைய கினிக்கோழிகள் நாய்க்குட்டிபோல என் காலைச் சுற்றும். ஒன்று வேலிக்கு இப்பால், என் வளவுப் புதரில் முட்டையிட்டு வந்தது. அவரிடம் சொல்லாமல் எடுத்துத் தின்று வந்தேன். செருமல் கேட்டதும் முட்டையை இடுப்பில் கட்டிய சாரத்தின் மடிப்பில் மறைத்துக்கொள்வேன்.

ஒருநாள் செருமிவிட்டு வந்து, சிரட்டை அகப்பை ஒன்றை நீட்டினார்.

“எல்லாத்தையும் எடுத்துராதீங்க மாஸ்டர். ரெண்ட விட்டு வைங்க, இல்லாட்டி கோழி எடத்த மாத்திரும். கை படாம இதால எடுங்க.”

அதன்பின் அந்தப் புதர்ப் பக்கமே நான் போகவில்லை. அவரும் செருமாமலே வேலிக்கு வரத் தொடங்கினார்.

பீடியை மட்டும் அவர் விடவே இல்லை.